அடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் குடும்ப ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் என் எதிரே உட்கார்ந்ததும் முதலில் பேசுவது பிள்ளையின் உடம்பைப் பற்றி இல்லை. "மேடம், இது வெளிய தெரிஞ்சுறாதுல்ல?" என்றுதான் பேச்சு தொடங்கும். ஓ.பி. சீட்டில் வேறு பெயர் எழுத முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. சொந்த ஊர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இரண்டு மாவட்டம் தாண்டி வந்தவர்கள் உண்டு. அப்பா வராமல் தாய்மாமனை அனுப்பிவைத்த வீடுகளும் உண்டு.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் கொடுக்க, பெண் எடுக்க, வாடகைக்கு வீடு பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் நாலு பேர் வாய் வேண்டியிருக்கிற ஊரில்தான் நாம் வாழ்கிறோம். ஆனால் சந்தேகம் வந்த நாளுக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளுக்கும் நடுவே பல வீடுகளில் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. அந்த நாட்களில் வீடு இரண்டு காரியங்களைத்தான் செய்திருக்கும். அடித்திருக்கும், அல்லது மறைத்திருக்கும். பெரும்பாலும் அப்பா அடிப்பார், அம்மா மறைப்பார். இரண்டும் பயத்தில் செய்வதுதான். இரண்டுமே பிள்ளையைப் பேசவிடாமல் செய்கின்றன. பேச ஆளில்லாத பிள்ளைக்குப் போதை கொடுத்தவனே நெருங்கியவன் ஆகிவிடுகிறான். இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதில் வரும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது?

போதை என்றதும் பெற்றோருக்கு நினைவு வருவது சாராயமும் கஞ்சாவும். பிள்ளைகள் தொடங்குவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

முதலாவது, கூல் லிப். தேயிலைப் பை போன்ற சின்னப் பொதி. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் புகையும் இல்லை, பெரிய வாடையும் இல்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு பீரியடை ஓட்டிவிடலாம். உள்ளே இருப்பது புகையிலை. குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் வெளி மாநிலச் சரக்கு பெட்டிக்கடைக்கு வந்து சேர்கிறது. 2024ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கூல் லிப்பை நாடு முழுக்கத் தடை செய்தால் என்ன என்று கேட்கும் அளவுக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவியிருக்கிறது. "புகையிலைதான மேடம், பெரிய விஷயமா?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். நிக்கோட்டின் வெகு சீக்கிரம் அடிமைப்படுத்துகிற பொருள். அதை விற்கிற கைதான் பல நேரம் அடுத்த பொருளையும் நீட்டுகிறது.

இரண்டாவது, கஞ்சா. பிள்ளைகள் "ஸ்டஃப்" என்பார்கள், "பொட்டலம்" என்பார்கள். "இலைதான, இயற்கைதான" என்பது அவர்களின் வாதம். வளர்கிற வயதில் தொடர்ந்து புகைத்தால் ஞாபகமும் கவனமும் மந்தமாகின்றன. சிலருக்கு யாரோ பின்தொடர்வது போன்ற சந்தேகமும், காதில் குரல் கேட்பதும் தொடங்கிவிடும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

மூன்றாவது, மாத்திரை. கடந்த சில வருடங்களில் எங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். டேபன்டடால் என்பது கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தரும் ஓபியாய்டு வகை மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. இதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்தோடு சேர்த்திருக்கும் பிடிமானப் பொருள்கள் ரத்தத்தில் கரைவதில்லை. ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், கை வீங்கிச் சீழ் வைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் வரலாம். அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும்.

நான்காவது, சொல்யூஷன். பஞ்சர் ஒட்டும் பசை, பெயின்ட் தின்னர், வைட்னர். எல்லாமே கடையில் சட்டப்படி கிடைப்பவை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகம் பயன்படுத்துவதாகத் தெரிந்த ஒரே போதை இந்த முகர்கிற வகைதான். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். இதில் இருக்கும் டொலுவின் போன்ற ரசாயனங்கள் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். முதல் தடவை முகர்ந்தவனேகூட இறந்துபோகலாம். முகர்ந்த நிலையில் பிள்ளையைப் பார்த்தால் விரட்டிப் பிடிக்காதீர்கள், கத்தாதீர்கள். திடீர்ப் பயமும் ஓட்டமும் அந்த நேரத்தில் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். நிதானமாகப் பக்கத்தில் போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

இந்த வயதில் ஏன் பிடித்துக்கொள்கிறது?

"நாங்க என்ன குறை வச்சோம்?" என்று கேட்காத தாய் இல்லை. குறை வைத்த வீட்டிலும் வருகிறது, குறையே வைக்காத வீட்டிலும் வருகிறது.

மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் யோசித்து முடிவெடுப்பது, ஆசையை அடக்குவது, நாளை என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது எல்லாம் செய்கிறது. அது முழுதாக வளர இருபத்தைந்து வயது ஆகிறது. இன்பத்தைத் தேடுகிற பகுதியோ பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் வேலை செய்கிறது. எந்தப் போதையும் டோபமின் என்ற ரசாயனத்தை இயல்பை மீறிச் சுரக்கவைக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால், கிரிக்கெட்டிலும் சினிமாவிலும் அம்மா வைத்த மீன்குழம்பிலும் கிடைத்துவந்த சின்ன சந்தோஷங்கள் அந்தப் பிள்ளைக்கு எட்டாமல் போய்விடும். "எதுவும் புடிக்கல மேடம், போரடிக்குது" என்று எங்களிடம் சொல்கிற பிள்ளை திமிரில் சொல்லவில்லை. அவன் மூளையின் நிலவரத்தைச் சொல்கிறான்.

தொடங்குவதற்கான காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவன் கூட்டாளிகள் முன்னால் பயந்தவனாகத் தெரியக் கூடாது என்று தொடங்கினான். ஒருவன் வெல்டிங் பட்டறையில் பகுதி நேர வேலைக்குப் போன இடத்தில், உடம்பு வலிக்கு என்று அண்ணன்மார் கொடுத்த மாத்திரையில் தொடங்கினான். பாலியல் தொந்தரவுக்கு ஆளாகி, யாரிடமும் சொல்ல முடியாமல், தூக்கத்துக்காகத் தொடங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். "பொம்பளப் புள்ள அப்படிச் செய்யுமா?" என்ற நம்பிக்கையால் அவர்கள் வந்து சேர இன்னும் தாமதமாகிறது. எதனால் தொடங்கினான் என்று தெரிந்துகொள்ளாமல் பொருளை மட்டும் நிறுத்தினால் அது நிலைக்காது.

எதைக் கவனிப்பது?

பெற்றோர் என்னிடம் சொன்னவற்றிலிருந்தே சிலவற்றைத் தருகிறேன். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. பள்ளிப் பையில் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் மாத்திரை அட்டையின் கிழிந்த துண்டு. அடிக்கடி கண்ணில் சொட்டு மருந்து. கீழுதட்டின் உள்பக்கம் வெள்ளைத் தடிப்பு. துணியில் பெட்ரோல், தின்னர் வாடை. குளியலறையில் நீண்ட நேரம். சாப்பாடு ஒரு நாள் தட்டைத் தொடாமலும், ஒரு நாள் நடுராத்திரியில் பானையைக் காலி செய்யுமளவும். பழைய நண்பர்கள் வருவதில்லை, புதியவர்கள் வாசல் வரை வந்து விசில் அடிப்பதோடு சரி. அஞ்சறைப் பெட்டியில் வைத்த பணம் குறைகிறது. காதில் போட்டிருந்த கடுக்கன் அடகுக் கடைக்குப் போய்விட்டது.

இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்த உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். மன அழுத்தம், காதல் தோல்வி, பள்ளியில் சீண்டல், தேர்வு பயம் எல்லாவற்றுக்கும் இதே முகம் உண்டு. பல மாற்றங்கள் சேர்ந்தாற்போல, சில வாரங்களுக்கு நீடித்தால் கவனியுங்கள். மருந்துக் கடையில் சிறுநீர்ப் பரிசோதனை கிட் வாங்கிவந்து மகனைக் கழிவறைக்குள் தள்ளிய அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த கிட்டில் டேபன்டடால் போன்ற மாத்திரைகள் தெரியாமல் போகலாம். தொடர்ந்து கஞ்சா புகைத்தவன் விட்டுவிட்ட பிறகும் சில வாரங்களுக்குப் பாசிட்டிவ் காட்டலாம். அது பொய் சொல்லாதவனைப் பொய்யன் ஆக்கிவிடும். பரிசோதனை தேவையா என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

எப்படிக் கேட்பது?

ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா ஜவுளிக் கடையில் சேல்ஸில் நிற்கிறார். மகன் பிளஸ் டூ, மகள் பத்தாம் வகுப்பு. மகனின் கையில் ஊசித் தழும்பை அம்மா பார்த்துவிட்டு மூன்று மாதமாகக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்ன அன்று அவர் பெல்ட்டை எடுத்தார். பையன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

என் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அப்பா ஆரம்பித்தார். "ஏன்டா இப்படிப் பண்ண? கேக்குறாங்கள்ல, சொல்லு. ஏன்டா?"

பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா மேடம், வாயத் தொறக்க மாட்டான். கல்லு மாதிரி உக்காந்திருக்கான்."

பையனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் இருவரிடமும் பேசினேன். 'ஏன்' என்று கேட்டால் அவன் கூண்டில் ஏறிவிடுவான். அதற்கு அவனிடம் பொய் மட்டும்தான் பதிலாக இருக்கும், ஏனென்றால் உண்மையான காரணம் அவனுக்கே தெரியாது. அதற்குப் பதிலாக நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள், பிறகு அவன் பேச இடம் விடுங்கள் என்றேன். அப்பா தலையாட்டினார். ஆனால் அவருக்கு வாயில் வார்த்தை வரவில்லை. மகனிடம் அப்படிப் பேசிப் பழக்கமே இல்லை. ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு பையனை உள்ளே கூப்பிட்டோம்.

"தம்பி, அன்னைக்கு ராத்திரி நீ வீட்டுக்கு வரல. நான் ஆட்டோவ எடுத்துக்கிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தேடுனேன். எனக்குப் பயமா இருந்துச்சுப்பா."

'டா' போய் 'தம்பி' வந்ததை நானே கவனித்தேன். பையன் உடனே அழுதுவிடவில்லை. நீண்ட நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஸ்டேஷனுக்கா வந்தீங்க?" அப்பா தேடி வந்திருப்பார் என்பதை அவன் நினைத்தே பார்க்கவில்லை. அதன் பிறகுதான் எத்தனை மாத்திரை, எவ்வளவு நாளாக, யாரோடு என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

வீட்டில் பேசுவதற்கும் இதே முறைதான். அவன் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், அது இரண்டு பேருக்கும் வீண். மறுநாள் காலை, வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் நல்லது. எதிரெதிரே உட்காராமல் மொட்டை மாடியில் பக்கத்தில் நின்றுகொண்டோ, டீக்கடைக்கு நடந்துகொண்டோ பேசினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எளிது. அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டார் என்று பஞ்சாயத்து கூட்டாதீர்கள். "உன்னை அடிக்க மாட்டேன், ஆனா பொய் சொன்னா நம்ப மாட்டேன், டாக்டர்கிட்ட சேர்ந்து போவோம்" என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்று சொன்னால் அடிக்கவே கூடாது. அந்த வாக்கு ஒரு முறை உடைந்தால் மறுபடி ஒட்ட வெகுநாள் ஆகும்.

மறைப்பது என்றால் என்னென்ன?

அம்மாக்கள் செய்வதைப் பாசம் என்றே நினைத்துச் செய்கிறார்கள். வகுப்புக்குப் போகாத நாளுக்குக் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதுவது. அப்பாவுக்குத் தெரியாமல் கடனை அடைப்பது. வாந்தி எடுத்த பெட்ஷீட்டை விடிவதற்குள் துவைத்துக் காயப்போடுவது. "ஃபுட் பாய்சன்" என்று மாமியாரிடம் சொல்வது. இவை எல்லாம் போதையின் விளைவு பிள்ளைக்குத் தெரியாதபடி இடையில் நின்று வாங்கிக்கொள்ளும் வேலை. அவனுக்கு விலை தெரியாதபோது விடுவதற்குக் காரணமும் தெரியாது.

வேறு ஊருக்கு அனுப்புவதும் மறைப்பதுதான். திருப்பூரில் பெரியப்பா கம்பெனி, சென்னையில் ஹாஸ்டல் என்று அனுப்பிவிட்டால் கெட்ட சேர்க்கை விட்டுப்போகும் என்று நினைக்கிறார்கள். வீட்டார் கண்காணிப்பு விட்டுப்போவதுதான் மிச்சம். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவதை நான் தடுப்பதில்லை. அந்த உறுதி பலருக்குப் பிடிமானமாக இருக்கிறது. ஆனால் மாத்திரைக்குப் பழகிய உடம்பு திடீரென நிறுத்தும்போது படும் பாட்டைக் கயிறு தாங்காது. அதற்கு டாக்டர் வேண்டும். கயிற்றையும் கட்டுங்கள், ஓ.பி. சீட்டையும் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "அப்பா தினமும் குடிக்கிறார், நான் செஞ்சா மட்டும் தப்பா?" என்று பையன் கேட்கும்போது பெரும்பாலான அப்பாக்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பிள்ளை சிகிச்சையில் இருக்கும் காலத்தில் வீட்டில் பாட்டில் இருக்கக் கூடாது. அப்பாவுக்கே நிறுத்த முடியவில்லை என்றால் அவருக்கும் அதே மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அப்பாவும் மகனும் சேர்ந்து வந்து மீண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சையில் என்ன நடக்கும்?

முதலில் மனநல மருத்துவர் பார்ப்பார். எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள், கூடவே மன அழுத்தமோ வேறு நோயோ இருக்கிறதா என்று கேட்பார். எல்லோருக்கும் அட்மிஷன் தேவைப்படாது. பல பிள்ளைகள் வாராவாரம் வந்துபோயே சரியாகிறார்கள்.

நிறுத்திய முதல் நாட்கள் கடினம். ஓபியாய்டு மாத்திரையை விட்டவனுக்கு ஒரு நாளுக்குள்ளாகவே மூக்கில் தண்ணீர், கொட்டாவி, புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவது போல வலி எல்லாம் வரும். ஒரு வாரம், பத்து நாளில் தணியும். இதற்கு மருந்து இருக்கிறது. கஞ்சாவை விட்டவனுக்குத் தூக்கம் வராது, பசிக்காது, எரிந்து விழுவான். இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். கஞ்சாவுக்கென்று தனி மாத்திரை இல்லை, ஆலோசனைதான் சிகிச்சை. தூக்க மாத்திரைக்கோ மதுவுக்கோ பழகியவன் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அட்மிஷன் என்றால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. பெரியவர்களோடு சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது. பெற்றோரோ, அவர்கள் நியமிக்கும் ஒருவரோ அட்மிஷன் முடியும் வரை கூடவே தங்க வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருப்பது மிக அவசியம். ஏனென்றால் ராத்திரியில் வேனில் வந்து பிள்ளையைக் கை காலைக் கட்டித் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு இல்லங்கள்' இங்கே நடக்கின்றன. மூன்று மாதம் பார்க்கவே விடமாட்டோம் என்கிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று, மனநல மருத்துவர் வருகிற நாட்கள், பெற்றோர் எந்த நேரமும் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றையும் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் செலவில்லாமல் பார்க்கலாம். 2025ல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது.

ஆறு மாதம் நன்றாக இருந்தவன் ஒரு திருவிழா இரவில் மறுபடி தொட்டுவிடலாம். அப்போது "எல்லாம் போச்சு" என்று கைவிடாதீர்கள். இது சர்க்கரை, ரத்த அழுத்தம் போல நீண்ட நாள் கவனிக்க வேண்டிய நோய். தவறிய மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால் சில நாளில் மீட்கலாம். வெட்கப்பட்டு இரண்டு மாதம் ஒளித்தால் பழைய இடத்துக்கே போய்விடும்.

வர மறுத்தால்?

"அவன் வரவே மாட்டேங்குறான் மேடம்" என்றால், நீங்கள் வாருங்கள் என்பேன். இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ் வீட்டாருக்கான ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். 1999ல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் வீட்டார் 130 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். உறவினர்கள் கூடி அவரை நேருக்கு நேர் மடக்கிப் பேசும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டார் ஆதரவுக் குழுவுக்குப் போன முறையில் 13 சதவீதம். மேயர்ஸ் முறையில் 64 சதவீதம். பிறகு இதைப் பதின்ம வயதினரின் பெற்றோருக்கும் பயன்படுத்தினார்கள். அதில் சொல்லித்தருவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிள்ளை போதை இல்லாமல் இருக்கும் நேரத்தை வீட்டில் நல்ல நேரமாக்குவது. சேர்ந்து சாப்பிடுவது, அவனுக்குப் பிடித்ததைச் செய்துகொடுப்பது, பாராட்டுவது. போதையில் வந்தால் சண்டையும் இல்லை, சீராட்டலும் இல்லை. விலகிக்கொள்வது. அதன் விளைவை அவனே சந்திக்க விடுவது. அவன் மனம் இளகியிருக்கும் நேரம் பார்த்து, முன்கூட்டியே டாக்டரிடம் நேரம் வாங்கிவைத்துக்கொண்டு, "நாளைக்குப் போவோமா?" என்று கேட்பது.

வீட்டாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பது நம் ஊரில் பழைய பாடம்தான். டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979ல் இறந்தபோது அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் இளம் வயதில் இருந்தார். மறு ஆண்டே சென்னையில் அவர் ஆரம்பித்த அமைப்புதான் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவதை அங்கே முறையாக்கினார்கள். தன் வீட்டுத் துக்கத்தை மறைக்காத ஒரு பெண்ணால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வழி பிறந்தது.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் பாருங்கள். நான் சொன்ன அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கை, தன் சேமிப்பை அரிசி டிரம்முக்குள் பாலிதீன் பையில் சுற்றிப் புதைத்துவைத்திருந்தாள். அண்ணன் எடுத்துவிடுவானோ என்ற பயம். பரீட்சைக்கு அவள் படிக்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று பல மாதங்களாக யாரும் கேட்கவில்லை. தாயின் தூக்கமும் முக்கியம். இரவெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மா பகலில் நிதானமாகப் பேச முடியாது.

போலீஸ் வந்துவிடுமோ?

இந்தப் பயம்தான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. சிகிச்சைக்கு வந்தவனை ஆஸ்பத்திரி போலீஸிடம் பிடித்துக்கொடுப்பதில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கு இருந்தாலும், போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி செய்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும்.

கடுமை எல்லாம் விற்பவன் மீது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, டாக்டர் சீட்டில்லாமல் ஒரு சிறுவனுக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறுவர்களை வைத்து விற்றாலோ கடத்தினாலோ 78ஆம் பிரிவில் அதே தண்டனை. "இதைச் சும்மா அந்த அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா" என்று ஒரு பொட்டலம் கைமாறும்போதே பிள்ளை குற்றத்துக்குள் இழுக்கப்படுகிறான். இதைப் பிள்ளையிடம் மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். கடன் கேட்டு வாசலுக்கு ஆள் வந்தால் மகன் கையில் பணம் கொடுத்து அனுப்பாதீர்கள். மிரட்டினால் புகார் கொடுங்கள்.

போலீஸ் பயத்தில் தயங்கவே கூடாத, உயிருக்கு ஆபத்தான நேரத்தின் அடையாளங்களைத் தெரிந்துவைத்திருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ குறட்டை போலவோ வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். என்ன எடுத்தான் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டு மாத்திரை என்றால் அதை முறிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

இந்த இதழை மூடிவைப்பதற்குள் சில எண்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதிவையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. சிறுவர் உதவிக்கு 1098. போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகாருக்கு 10581. உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். ஆனால் உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு நிச்சயம் தேவைப்படும். அந்த வீட்டு அம்மா எண்ணைக் கேட்க வெட்கப்படாத அளவுக்கு, அந்தப் பிள்ளையைப் பற்றிப் புறம் பேசாமல் இருங்கள். உங்கள் வீட்டிலேயே சந்தேகம் இருந்தால் அடுத்த திங்கள்கிழமைக்குத் தள்ளாதீர்கள். பிள்ளை வந்தால் பிள்ளையோடு, வராவிட்டால் நீங்கள் தனியாக, நாளைக் காலையே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள்.